கார் பந்தயமும் மூன்றடுக்குத் தயிர்சாதமும்

1

இரவுக் கார் பந்தயத்துக்கான அறிவிப்பு இந்த வருஷமும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ராஜுப் பிள்ளை அதை எங்கள் வாசலில் நின்று ஆட்டிக் காட்டினார். என் மனைவி காமாட்சி கைநீட்டி வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது. மேலே அச்சடித்திருந்த கார் படமே போதுமானதாக இருந்தது.

"போறதுன்னா ராத்திரிச் சாப்பாட்டை இங்கயே முடிச்சுட்டுப் போங்க. நான் ஒரு பருக்கைகூடக் கட்டித் தரமாட்டேன்" என்றாள்.

எங்கள் ஒன்பது வயது மகள் வள்ளி அதை மலாயில் சொல்ல, ராஜுப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். வள்ளியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. போன வருஷம், இந்த மலாயா நாடு சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறைந்த இரவில் நடந்ததை எழுதினால் நான் ஏன் சிரிக்கவில்லை என்பது விளங்கும்.

2

நான் மலாக்கா பட்டணத்தில் ஒரு வக்கீலிடம் கிராணி. நம்மூரில் குமாஸ்தா என்பதைத்தான் இங்கே கிராணி என்கிறார்கள். குடியிருப்பது காஜா பெராங்கில், செட்டிக் கம்பத்தை ஒட்டி. கம்பம் என்றால் இங்கே கிராமம்.

நாட்டுக்கோட்டையாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் செட்டிகள் வேறு. பறங்கிக் கப்பல்கள் இங்கே வருவதற்கும் முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவர்களின் வம்சம். பெயர் தமிழ், சாமி தமிழ், நெற்றியில் விபூதி. வாயைத் திறந்தால் மலாய். "மாரியம்மா" என்று கும்பிட்டுவிட்டு, வேண்டுதலை மலாயில் சொல்வார்கள். அம்மனுக்குப் பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை.

மலாயில் 'நான்' என்பதற்கு 'சாயா' என்று பெயர். வந்த புதிதில் யார் என்னிடம் பேச வந்தாலும் டீ கேட்கிறார்கள் என்றே நினைத்தேன். அந்த வம்சத்து ராஜுப் பிள்ளை முதல் நாள் வந்து "சாயா ராஜு" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது, காமாட்சி உள்ளே போய் நிஜமாகவே டீ போட்டுக்கொண்டு வந்தாள். அவரும் மறுக்காமல் குடித்தார். அப்படித்தான் எங்கள் சிநேகம் ஆரம்பித்தது. இனி அவர் சொன்னதாக நான் எழுதுவதெல்லாம் மலாயில் சொன்னது, தமிழ் என்னுடையது.

அவரிடம் ஒரு பச்சைக் கார் இருந்தது. கொஞ்சம் கிழடு. காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும், பகலில் சந்தைக்குப் போகும் பெண்களை ஏற்றும், பின்கதவு ஒன்றைக் கயிற்றால் கட்டியிருக்கும். அவர் குடும்பத்தில் ஆறு பேருக்கு அதுதான் சோறு. டயர்கள் நான்கும் என் தலை மாதிரி வழுக்கையாகிவிட்டிருந்தன. பந்தயத்தின் முதல் பரிசு ஒரு வெள்ளிக் கோப்பையும் நான்கு புது டயர்களும். கோப்பையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடுவதாக அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

என்னை ஏன் கூப்பிட்டார் என்றால், வழி எழுதிய தாள் ஆங்கிலத்தில் இருக்கும். அவருக்கு அது தெரியாது. நான் படித்து, எங்கே திரும்புவது என்று மலாயில் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது திருவாரூரில். அங்கே தேரோட்டம் என்பார்கள். ஓட்டம் என்று பெயரே தவிர, புறப்பட்ட தேர் ஒரு வீதி முனை திரும்புவதற்குள் நான் பள்ளிக்கூடம் போய் உதை வாங்கித் திரும்பி வந்துவிடுவேன். நான் கண்ட ஓட்டம் அவ்வளவுதான். இருந்தும் ஒப்புக்கொண்டேன். பந்தயக்காரர்களில் தோட்டத் துரைமார் இருந்தார்கள், பல் வைத்தியர் ஒருவர் இருந்தார். அவர்களுக்குச் சமமாக நிற்கலாம் என்ற ஆசை.

பந்தய நாளோடு வேறொரு கெடுவும் முடிந்தது. சுதந்திரம் வந்த முதல் ஓராண்டுக்குள் குடியுரிமைக்கு மனுப் போட்டவர்களுக்கு மலாய்ப் பரீட்சை கிடையாது என்று ஒரு சலுகை. எத்தனையோ பேருக்கு அந்த ஃபாரத்தை நானே தட்டச்சு அடித்துக் கொடுத்திருக்கிறேன். என்னுடையதை மட்டும் அடிக்கவில்லை. காமாட்சி கேட்டபோதெல்லாம் "நாளைக்கு" என்றேன். ஊருக்கே திரும்பிவிட்டால் எதற்கு வீண் வேலை என்று ஒரு நினைப்பு. வள்ளி கயிறு தாண்டும்போது 'சத்து, துவா, தீகா' என்று மலாயில் எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் எந்த ஊருக்குத் திரும்புவாள் என்று நான் யோசிக்கவில்லை.

3

பண்டார் ஹிலிரில், கடலோர மைதானத்தில், இரவு எட்டு மணிக்குக் கொடியசைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு கார்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக விட்டார்கள். அலோர் காஜா போய் அட்டையில் முத்திரை வாங்கி, அங்கிருந்து ஜாசின் போய் இன்னொரு முத்திரை வாங்கி, பட்டணத்துக்குத் திரும்ப வேண்டும். இடையில் ரப்பர் தோட்டங்களுக்குள் புகுந்து புறப்படும் செம்மண் சாலைகள். எது எங்கே என்பதை அந்தத் தாள் விடுகதை மாதிரி சொல்லும்.

காமாட்சி வழிக்குச் சாப்பாடு கட்டியிருந்தாள். நான்கடுக்குத் தூக்கு. மேல் அடுக்கில் நார்த்தங்காய் ஊறுகாய், மற்ற மூன்றிலும் தயிர்சாதம். "வண்டி எங்கயாவது நின்னுட்டா? அவருக்கும் வேணுமில்ல?" என்றாள். ராஜுப் பிள்ளைக்குத் தயிரைக் கண்டாலே ஆகாது. ஒருமுறை எங்கள் வீட்டில் அதை வாயில் வைத்துவிட்டு, "கெட்டுப் போன பாலை ஏன் கொட்டாம வச்சிருக்கீங்க?" என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தவர். தூக்கை என் காலடியில் வைத்துக்கொண்டேன்.

அலோர் காஜா வரை நன்றாகவே போனோம். மூன்று கார்களை முந்தினோம். பல் வைத்தியர் ஒரு பள்ளத்தில் இறங்கி, மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாக அவருக்குக் கையசைத்தேன். அதுவரை என் வாழ்க்கையில் யாரையும் நான் முந்தியதில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வழுக்கை டயர்கள் தங்கள் குணத்தைக் காட்டின. ஒரு வளைவில் கார் அரை வட்டம் சுற்றி, வந்த திசையையே பார்த்து நின்றது. இன்னொரு வளைவில் சாலை நடுவே எருமை ஒன்று நின்றிருந்தது. ராஜுப் பிள்ளை ஒடித்துத் திருப்பினார். எருமை தப்பியது. ஒரு ரப்பர் மரம் எங்கள் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டது. முன் பம்பர் ஒரு பக்கம் கழன்று தரையில் உரசிக்கொண்டே வந்தது. நான் முருகனைக் கூப்பிட்டேன். அவர் மாரியம்மனைக் கூப்பிட்டார், மலாயில்.

"பயமா இருக்கா கிராணி?"

"இல்லண்ணே."

"எனக்கு இருக்குலா" என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக ஓட்டினார்.

ஜாசினில் முத்திரை குத்தியவர், எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு கார்தான் போயிருக்கிறது என்றார். ராஜுப் பிள்ளை முகம் மாறிப்போனது. அவர் அந்தப் புது டயர்களைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். காரைக் கிளப்பிப் பறந்தார். முன்னால் ஒரு சந்தி வந்தது.

"எந்தப் பக்கம்?"

தாளில் வலப்பக்கம் என்று தெளிவாக இருந்தது. மலாயில் இடம், வலம் இரண்டும் எனக்கு எப்போதும் தகராறு. ஒன்று 'கீரி', மற்றது 'கானான்'. கீரி குறுக்கே போனால் நல்ல சகுனம் என்பார்களே, அதை வைத்து மனப்பாடம் செய்திருந்தேன். கீரி வலம் போக வேண்டும். அல்லது வலத்திலிருந்து வர வேண்டும். இந்த வேகத்தில் கீரி எங்கே கிளம்பி எங்கே போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

"கீரி!" என்று கத்தினேன்.

அவர் இடப்பக்கம் திருப்பினார்.

தப்பு என்று எனக்கு உடனே தெரிந்தது. கை வலப்பக்கம் நீண்டிருக்க, வாய் இடப்பக்கம் சொல்லியிருந்தது. அப்போதே நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அத்தனை சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். எங்காவது சுற்றிக்கொண்டு இந்தச் சாலையும் பட்டணத்துக்கே போய்விடாதா என்று நினைத்தேன். சாலையோரம் ஒரு பலகை வந்தது. ஜொகூர் மாநிலம் தொடங்குகிறது என்று எழுதியிருந்தது. படித்தேன். மடியிலிருந்த தாளை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

4

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை இன்னும் முடியவில்லை. மலாக்கா அமைதியான பகுதி. இரவில் பந்தயம்கூட விடலாம். எல்லைக்கு அப்பால் சில இடங்கள் அப்படியல்ல. அங்கே இருட்டினால் ஊரடங்கு. அதைவிட முக்கியம், சாலையில் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. அரிசி, சோறு, ரொட்டி எதுவும் காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடக் கூடாது என்பது சட்டம்.

இந்தச் சட்டம் எனக்கு அத்துப்படி. இதில் மாட்டிக்கொண்டவர்களுக்காக எங்கள் வக்கீல் போடும் மனுக்களை நான்தான் அடிக்கிறேன். இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவன் மாட்டினால் கப்பலேற்றிவிடலாம் என்பதும் தெரியும். "இங்கே மனைவியும் குழந்தையும் இருக்கிறார்கள், கருணை காட்ட வேண்டும்" என்ற வரியை எத்தனை தடவை அடித்திருப்பேனோ, விரல்களைக் கேட்டால்தான் தெரியும்.

குறுக்கே மூங்கில் தடுப்பு. மணல் மூட்டைகள். ஒரு சிறு கொட்டகை. நான்கைந்து துப்பாக்கிகள் எங்களைப் பார்த்தன. ராஜுப் பிள்ளை காரை நிறுத்தினார். பம்பர் அப்போதுதான் முழுதாகக் கழன்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அவர்கள் சுடாமல் விட்டது எங்கள் அதிர்ஷ்டம்.

ஒரு மலாய்க் கார்ப்பரல் வந்து டார்ச் அடித்தார். ஐம்பது வயதிருக்கும். தூக்கம் கெட்ட முகம். அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார். பந்தயத் தாளைப் பார்த்தார். "பந்தயமா?" என்றார். கொட்டகைக்குள் யாரோ சிரித்தார்கள். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். டார்ச் வெளிச்சம் மெல்ல இறங்கி என் காலடியில் நின்றது.

தூக்கை எடுத்துக்கொண்டு எங்களைக் கொட்டகைக்குள் நடத்திப் போனார். மேஜைமேல் வைத்துத் திறந்தார். மூன்றடுக்குத் தயிர்சாதம், கடுகு தாளித்து, கறிவேப்பிலை போட்டு, பளபளவென்று இருந்தது.

"இது யாருடையது?"

காமாட்சி, வள்ளி, நாகப்பட்டினத்துக் கப்பல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தன. அந்த மனுவின் வரிகள் வந்தன. பேச்சு மட்டும் வரவில்லை. மேஜையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சாயா புன்யா" என்றார் ராஜுப் பிள்ளை. என்னுடையது.

கார்ப்பரல் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இதுக்குப் பேர் என்ன?"

ராஜுப் பிள்ளை யோசித்தார். "புளிச்ச சோறு."

"உன் வீட்டிலே செஞ்சதா?"

"ஆமா துவான். தினமும் இதுதான்."

"ரொம்பப் பிடிக்குமோ?"

"உயிர்."

கார்ப்பரல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வண்டியிலே சாப்பாடு இருந்தா நான் எழுதணும். எழுதினா வண்டியும் போயிரும். இங்கே நின்னு சாப்பிடு. முடிச்சதும் மேஜையைப் பார்க்கிறேன். என்ன மீதி இருக்கோ அதை எழுதிக்கிறேன்."

அது தயவா, விளையாட்டா, அந்த நேரத்தில் எனக்குப் புரியவில்லை. ராஜுப் பிள்ளைக்குப் புரிந்தது. முதல் அடுக்கை இழுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். முதல் கவளத்துக்கு அவர் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். கண்ணில் நீர் கட்டியது. மெல்லாமல் விழுங்கினார். இடையிடையே "நல்லா இருக்கு" என்று யாரும் கேட்காமலே சொன்னார். முதல் அடுக்கு முடிந்தது. வேட்டைக்குப் போவது மாதிரி ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு இரண்டாவதில் கைவைத்தார். ஊறுகாயைத் தொட்டு, அது இன்னும் மோசம் என்று கண்டு, விட்டுவிட்டார்.

வெளியே மழை. துப்பாக்கிக்காரர்கள் ஐந்து பேரும் கொட்டகை ஓரம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது அடுக்கில் பாதி போனதும் அவர் முகம் சாம்பலாகிவிட்டது. ஒரு கையை மேஜையில் ஊன்றிக்கொண்டார். என்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கோபித்துக்கொண்டாவது நின்றிருப்பேன்.

அவர் வழித்துத் தின்று முடித்து மூன்றாவது அடுக்கை இழுத்தார்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. 'இது என் சாப்பாடு' என்று சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு மலாயில் 'மக்கானான்'. சாப்பிடுவதற்கு 'மக்கான்'. இருந்த பதற்றத்தில் வால் போய்விட்டது.

"மக்கான் சாயா, துவான்" என்றேன்.

என்னைச் சாப்பிடுங்கள் ஐயா என்று அர்த்தம்.

கார்ப்பரல் என்னை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். "நான் சாப்பிட்டாச்சு" என்றார். "அதோட உன்கிட்டே கறியும் இல்லை."

கொட்டகையே ஆடியது. ஒருவன் துப்பாக்கியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் என் நெஞ்சைத் தொட்டு, தூக்கைத் தொட்டு, என் வீட்டுத் திசை என்று நினைத்த ஒரு திசையைக் காட்டி, மனைவி சமைத்தாள் என்று எனக்குத் தெரிந்த மலாயெல்லாம் கொட்டினேன். கார்ப்பரல் கையமர்த்தினார்.

"பார்த்த உடனே தெரிஞ்சுது. யாருக்கு இது பிடிக்கும்னு முகத்திலேயே இருக்கே." என் பக்கம் மூன்றாவது அடுக்கைத் தள்ளினார். "ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டே."

அவர் சொன்னது சரி. இரண்டடுக்கு நேரம் எடுத்துக்கொண்டேன். அந்த மூன்றாவதை நான் நின்றுகொண்டே தின்றேன். காமாட்சி உப்பு அளவாகப் போட்டிருந்தாள். எனக்கு ருசி தெரியவில்லை.

கார்ப்பரல் மேஜையைப் பார்த்தார். ஊறுகாயை முகர்ந்தார். "இது மருந்து" என்று தீர்ப்புச் சொல்லி மூடிவைத்தார். ஊரடங்கு முடியும்வரை கொட்டகையிலேயே உட்காரச் சொன்னார்.

5

விடிந்ததும் பம்பரைப் பின் இருக்கையில் போட்டுக்கொண்டு புறப்பட்டோம். ஒரு கல் தொலைவு போனதும் ராஜுப் பிள்ளை காரை ஓரங்கட்டி, இறங்கி, ஒரு ரப்பர் மரத்தடியில் இரண்டு அடுக்கையும் திருப்பிக் கொடுத்தார். வாய் கொப்பளிக்கச் சாலையோரப் பள்ளத்து மழைநீர்தான் கிடைத்தது. நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

மறுபடி ஏறினோம். ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் சைக்கிளில் எதிரே வந்தார்கள். பந்தயம் எப்போதோ முடிந்திருக்கும். புது டயர்களை யாரோ கொண்டுபோயிருப்பார்கள்.

"சந்தியிலயே தப்புன்னு எனக்குத் தெரியும்ணே. சொல்லலை" என்றேன்.

"ம்."

"எல்லைப் பலகையையும் பார்த்தேன்."

"நானும்தான் பார்த்தேன். படிக்கத் தெரியாதே தவிர, பலகை இருக்கிறது தெரியாதா? நீ பேசாம இருந்தியா, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அது எனக்குக் குத்தியது. கொஞ்ச தூரம் போய், "ஏன் உங்களோடதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் சொன்னார்: "உன்னுதுன்னா உன்னைக் கப்பல்லே ஏத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க. என்னை எந்த ஊருக்கு அனுப்புவாங்க? காஜா பெராங்குக்குத்தானே."

"வண்டி போயிருக்கும்ணே."

"போயிருக்கும்" என்றார். ஒரு பள்ளத்தைச் சுற்றி ஓட்டிவிட்டு, "அதை நான் ரெண்டாவது அடுக்குலதான் யோசிச்சேன்" என்றார்.

வீட்டு வாசலில் காமாட்சியும் ராஜுப் பிள்ளையின் மனைவியும் சேர்ந்து நின்றிருந்தார்கள். ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, மற்றவளுக்கு மலாய் தெரியாது. இரவெல்லாம் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை புரியவில்லை. ஆனால் எங்களைத் திட்டுவதில் அவர்களுக்குள் முழு ஒற்றுமை இருந்தது.

6

'மக்கான் சாயா' கம்பம் முழுக்கப் பரவியது. வள்ளி ஒரு மாதம் என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். சைக்கிளில் போகிறவர்கள் என்னைக் கண்டால், "இன்னிக்குப் பசியில்ல கிராணி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதெல்லாம் எனக்குச் சம்மதம். உறுத்தியது வேறு.

ராஜுப் பிள்ளை அந்தக் கதையைச் சொல்லும்போது முதல் இரண்டு அடுக்குகளும் இருக்காது. கார்ப்பரல் யாருடையது என்று கேட்டாராம். கிராணி உடனே நெஞ்சை நிமிர்த்தி, "மக்கான் சாயா" என்றானாம். அவ்வளவுதான் அவர் கதை. தான் தின்றதையே சொல்வதில்லை. கேட்டவர்கள் சிரித்து முடித்ததும் என் முதுகில் தட்டுவார்கள். ஒரு வருஷமாக அந்தத் தட்டுகளை வாங்கிக்கொண்டேன்.

சென்ற வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் பூஜை முடிந்து, வெளியே எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். இந்த வருஷப் பந்தய அறிவிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. யாரோ புதியவருக்காக ராஜுப் பிள்ளை மறுபடி ஆரம்பித்தார். "கார்ப்பரல் கேட்டதும் உடனே நம்ம கிராணி…"

"உடனே இல்லை" என்றேன்.

எழுந்து நின்று மலாயில் சொன்னேன். வாயைத் திறக்கப் பயந்தது, அவர் தன்னுடையது என்று சொன்னது, கெட்டுப் போன பால் என்று அவர் சொல்லும் ஒன்றை இரண்டடுக்கு முழுதாகத் தின்றது, அதை நான் பார்த்துக்கொண்டு நின்றது. என் மலாயில் அது சொல்லி முடிய நேரமாயிற்று. சிலருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

ராஜுப் பிள்ளை தலையைக் குனிந்து தன் சாரோங் கைலி ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்ததும் என் பக்கம் சாய்ந்து, நான் பயந்தேன் என்பதற்கு மூன்று இடங்களில் தவறான சொல்லைப் போட்டுவிட்டேன் என்றார். சரியான சொல்லைச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்தார்.